வெற்றியும் வெறுமையும்

1981-இல் வெளிவந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ என்னும் ஆங்கிலப் படத்தை அண்மையிற் கண்ணுற்றோம். 1924-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடிய இருவர் வரலாறு அது. ஞாயிறன்று ஓட மறுத்த எரிக் லிடலைப் போற்றுவோர் பலர். நம் நெஞ்சைக் கவ்வியவரோ ஹாரல்டு ஆபிரகாம்ஸே.

யூதரென்று தம்மை இகழும் உலகை ஓடியே வெல்லத் துணிகின்றார் அவர். லிடலிடம் ஒருமுறை தோற்றதும், வெற்றி கிட்டாதெனின் இனி ஓடேன் என்று காதலியிடம் புலம்புகின்றார். ஓடாதார்க்கு வெற்றி ஏது என்று இடித்துரைக்கின்றாள் அவள். ஈற்றில் நூறு மீட்டர் ஓட்டத்தில் பொற்பதக்கம் பெறுகின்றார். ஆயினும் ஆடையறையில் அவரை நெருங்கத் தோழரும் தயங்குகின்றனர். அத்துணை வெறுமை அம்முகத்தில்! அவர்தம் பயிற்சியாளர் முசபினியோ, அரங்கிற்குச் செல்லாது விடுதி அறையிலிருந்தே நாட்டுப்பண் கேட்டு, உவகை மிகுதியால் தம் தொப்பியைக் கைம்முட்டியாற் குத்தித் துளைக்கின்றார். மாணவனுக்காக மகிழ்ந்தவர்க்கே மகிழ்ச்சி நிறைவாயிற்று.

முதலிடம் தவறின் கற்றதெல்லாம் வீணென்று சென்ற தேர்வின்போது நாமும் உறக்கமின்றிக் கலங்கினோம். அந்நாட்களிற் படித்த செய்யுள் ஒன்றேனும் இனித்ததில்லை. ஆதலின் ஆபிரகாம்ஸை இகழ நமக்கு நா எழவில்லை. இனியேனும் தமிழைத் தமிழின் சுவைக்காகவே கற்போமாக.