கொடுக்கிறவன் வீட்டில் தங்கும் ஆசீர்வாதம்



ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், நம் கரையின் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களில் வட்டிக்குக் கடன் வாங்கி அடுப்பெரிக்கும் வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டாரிடமும், ஆயிரம் விதைத்தால் நூறு மடங்காய் அறுப்பீர்கள் என்று சொல்லிக் காணிக்கை கேட்கும் பிரசங்கங்கள் பெருகிவருகின்றன. வேதம் போதிக்கும் உதாரத்துவம் இதுவன்று.

நீதிமான் நாள்தோறும் மனமிரங்கிப் பிறருக்கு உதவுவதையும், அவன் சந்ததி ஆசீர்வதிக்கப்படுவதையும் 37-ஆம் சங்கீதம் ஒரே வசனத்தில் (26) இணைக்கிறது. அவ்வாசீர்வாதம் எத்தகையது என்பதே கேள்வி.

சாறிபாத் விதவையைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 17). அவள் பானை நிரம்பி வழியவில்லை. மழை வரும்வரை அது வெறுமையாகவுமில்லை. அன்றன்றைய அப்பமே அவளுக்குக் கிடைத்த பலன். மேலும், முதல் அடையைக் கேட்ட எலியா அதை வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. அவ்வீட்டிலேயே தங்கி, அதே மாவில் சுட்டதையே உண்டான். ஏழையிடம் கேட்கிறவன் அவனது பஞ்சத்திலும் பங்குகொள்ள வேண்டும்.

நம் இராமேஸ்வரத்திலேயே ஓர் இல்லத்தைச் சுட்டிக்காட்டலாம். பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்த ஜைனுலாப்தீன், ஆஷியம்மா தம்பதியர் வீட்டில், குடும்பத்தாரைவிட அதிகமான வெளியார் அன்றாடம் உணவருந்தியதாக அவர்களுடைய மகன் அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். அவர்கள் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்களல்லர். எனினும், சமாரியனை முன்மாதிரியாக நிறுத்திய ஆண்டவரின் சீஷர்கள் இதை ஏற்கத் தயங்க வேண்டியதில்லை.

அந்தத் தந்தையின் படகைப் புயல் கொண்டுபோயிற்று. கொடுத்த கை அந்த இழப்பைத் தடுக்கவில்லை. ஆனால், கலாம் சென்னையில் பொறியியல் கல்லூரியில் சேரப் பணமின்றி நின்றபோது, சகோதரி ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அன்னியருக்குச் சோறிட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் தாங்கக் கற்றிருந்தனர். 2002-இல் அவர் குடியரசுத் தலைவரானதை அல்ல, இதையே அவ்வீட்டின் ஆசீர்வாதமாக நான் காண்கிறேன். பதவி ஒருவருக்கே வாய்க்கும். ஈகையின் குணமோ வீட்டார் அனைவருக்கும் சுதந்தரமாகும்.

ஆகவே, இல்லாததைக் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒருவனிடம் உள்ளதற்கேற்பவே அவன் ஈவு அங்கீகரிக்கப்படும் என்று பவுல் தெளிவாக எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8:12). பெற்றோரைப் பராமரிக்க வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கியவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார் (மாற்கு 7:9-13). பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் முதிய தாயின் மருந்துச் செலவையும் பறித்துக்கொண்டு வரும் காணிக்கை எந்தச் சபைக்கும் வேண்டாம்.

உங்கள் குழம்பில் ஒரு கிண்ணம் அடுத்த வீட்டு விதவைக்குப் போகட்டும். அதை உங்கள் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் சபையின் காணிக்கைப் பெட்டி, வாங்குவதற்கு மட்டுமன்றி, கொடுப்பதற்கும் திறக்கப்படட்டும். போதகர்களாகிய நாங்கள் அதற்கு முதலாவது கணக்குக் கொடுக்கக் கடவோம்.

கொடுக்கிற இருதயத்தைத் தேவன் தாமே உங்களுக்கும் உங்கள் சந்ததிக்கும் அருள்வாராக. ஆமென்.