குளிர் மேல பழியைப் போடாதீங்க

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் சில விடியற்காலைகளில் புல்லு மேல வெள்ளையா உறைபனி படியும். அந்த நேரத்தில் வானை ஸ்டார்ட் பண்ணினா, டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் லைட் எரியுது. கராஜுக்குப் போனால் அநேகமாக இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். "குளிருக்கு அப்பிடித்தான் வரும் தம்பி, அழிச்சு விடுறேன்." இல்லாட்டி, "சென்சர் போச்சு, மாத்தணும்." இந்த இரண்டு பதிலையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதுதான் எங்கள் வாதம்.

வண்டியில் ஏற்கெனவே இருக்கிற பலவீனத்தைத்தான் குளிர் வெளியில கொண்டுவருது. பெட்டரியை எடுத்துக்கொள்வோம். குளிரில் அதற்குள்ளே நடக்கிற இரசாயன வேலை மந்தமாகும். பழைய பெட்டரி என்றால் ஸ்டார்ட் பண்ணும்போது வோல்ட் சட்டென்று விழும். அப்ப எஞ்சின் கம்ப்யூட்டர் குழம்பி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கோட்களைப் பதிந்துவிடலாம். அதனால் முதலில் அளக்க வேண்டியது பெட்டரியைத்தான். ஓய்வில் இருக்கும் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இதுக்கு ஒரு மீட்டர் போதும், அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்தது ஸ்பார்க். குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாகாததால் கம்ப்யூட்டர் கூடுதலாக எரிபொருள் விடும். பிளக் தேய்ந்திருந்தால், கொயிலில் சின்ன வெடிப்பு இருந்து அதில் மூடுபனியின் ஈரம் ஏறியிருந்தால், ஒரு சிலிண்டர் எரியாமல் விடும். ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதலாவது சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. அது எந்த சிலிண்டர் என்று சொல்லுமே தவிர, பிளக்கா, கொயிலா, இன்ஜெக்டரா என்று சொல்லாது. அந்தக் கொயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கணும். கோட்டும் கூடவே மாறினால் கொயில்தான் பிழை. செலவே இல்லாத சோதனை இது.

எங்களுக்கு அதிகம் கோபம் வருகிற விஷயம் தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறிக்கிற சின்ன வால்வு அது. "நம்ம நாட்டுச் சூட்டுக்கு இது தேவையில்ல" என்று கழற்றி எறிகிற பழக்கம் இன்னும் இருக்கு. அந்த வண்டி மலைக்கு வந்தால், காலைக் குளிரில், அதுவும் இறக்கத்தில், எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே வராது. பி0128 விழுகிறது இப்படித்தான். தெர்மோஸ்டாட் திறந்தபடி இறுகினாலும், கூலன்ட் குறைந்தாலும் இதே கோட் வரலாம். அழித்துவிட்டால் லைட் போகும். ஆனால் பெற்றோல் வீணாவதும், எஞ்சின் தேய்வதும் நிற்காது.

அழிப்பதில் இன்னொரு நட்டமும் உண்டு. கோட் விழுந்த அந்தக் கணத்தில் கூலன்ட் சூடு எவ்வளவு, எஞ்சின் எத்தனை சுற்று, வண்டி என்ன வேகம் என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவு வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். பழுது ஸ்டார்ட் பண்ணின உடனே வந்ததா, எஞ்சின் சூடான பிறகு ஏற்றத்தில் வந்ததா என்பதற்குச் சாட்சி அதுதான். கோட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். பெட்டரி வயரைக் கழற்றினாலும் பல வண்டிகளில் அதே கதைதான்.

இதெல்லாம் வண்டிப் பைத்தியங்களுக்கான பேச்சு என்று தோணலாம். ஆனால் 2020 மார்ச் தொடங்கி 2025 ஆரம்பம் வரைக்கும் தனியார் வாகன இறக்குமதி நின்று கிடந்த நாடு இது. பழைய வண்டியை இழுத்துப் பிடிச்சு ஓட்டுறவங்கதான் அதிகம். ஹயர் ஓடி லீசிங் கட்டுகிற ஒரு அண்ணனுக்கு, தேவையில்லாமல் மாற்றிய ஒரு சென்சர் என்பது பிள்ளையின் டியூஷன் காசு.

பிழை முழுக்க பாஸ்மாரிடம் இல்லை. ஒரு மணித்தியாலம் குனிந்து தேடினதுக்குக் காசு கேட்டால் நாங்கள் முகத்தைச் சுளிக்கிறோம். பாட்ஸ் மாற்றினால் பேசாமல் கொடுக்கிறோம். அப்ப அவர் எதைச் செய்வார்? தேடுறதும் வேலைதான், அதற்கும் கூலி கொடுக்கணும்.

பதிலுக்கு நாங்கள் கேட்க வேண்டியது மூன்று. கோட் நம்பர் என்ன? அழிக்க முந்தி அந்தத் திரையை ஒரு போட்டோ எடுக்கலாமா? இந்தச் சாமான்தான் பிழை என்று எதைச் சோதித்து முடிவெடுத்தீங்க? மூன்றாவதுக்குப் பதில் இல்லையென்றால், பேர்ஸை வெளியில எடுக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் லைட் நிலையாக எரிந்தால், வண்டி வழமைபோல ஓடுகிறதென்றால், மெதுவாக ஓட்டி சீக்கிரம் காட்டலாம். அது விட்டு விட்டு மின்னினால் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டரை எரிக்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்க. சிவப்பு நிறத்தில் ஒயில் லைட்டோ சூட்டு லைட்டோ வந்தால் உடனே எஞ்சினை நிறுத்தணும். அந்த நேரத்தில் குளிர், ஈரம் என்று யார் சமாதானம் சொன்னாலும் கேட்காதீங்க.