ஐந்து மூட்டுப் பொம்மையும் ஆறாத ஆசையும்

சினிமா பாத்திரங்களைக் குட்டி பிளாஸ்டிக் பொம்மைகளாகச் சேர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புலம்பல் கட்டாயம் வரும். "ரெட்ரோ" என்று சொல்லிப் புதிதாக வருகிற பொம்மைகள் ஏமாற்றிவிட்டனவாம். முகம் நடிகர் மாதிரி இல்லையாம், கை கால் மடங்கவில்லையாம். ரெட்ரோ என்றால் அப்படித்தானே இருக்கும், இதில் என்ன குறை என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1977ல் ஸ்டார் வார்ஸ் படம் வந்தபோது கென்னர் என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் பொம்மைகள் தயாராக இல்லை. பொம்மை பிறகு தபாலில் வரும் என்று ஒரு சான்றிதழை வைத்து, அந்தக் கிறிஸ்துமஸுக்கு வெறும் அட்டையை விற்றார்கள்! 1978ல் பொம்மைகள் வந்தன. உயரம் மூன்றே முக்கால் அங்குலம். கழுத்து, இரண்டு தோள், இரண்டு தொடை என்று ஐந்தே மூட்டு. பொம்மை சிறியதாக இருந்தால்தான் அது உட்காரும் விண்கலத்தையும் அப்பா அம்மா வாங்கித் தருகிற விலையில் செய்ய முடியும். அந்த எளிமை, விளையாடுகிற குழந்தைக்காக வந்தது. அதோடு யாரும் நின்றுவிடவும் இல்லை. 1982ல் வந்த ஜி.ஐ. ஜோ பொம்மைக்கு அதே உயரத்தில் முழங்கையும் முழங்காலும் மடங்கின.

2014ல் ஃபங்கோவும் சூப்பர்7ம் சேர்ந்து 'ரீஆக்‌ஷன்' என்ற வரிசையில் அதே அளவு, அதே ஐந்து மூட்டுப் பாணியைத் திரும்பக் கொண்டுவந்தன. டெர்மினேட்டர், பேக் டு த ஃப்யூச்சர், பல்ப் ஃபிக்‌ஷன் எல்லாம் பொம்மையாயின. வாங்குகிறவர்களோ பெரியவர்கள். பலர் அட்டையைப் பிரிப்பதுகூட இல்லை. தேவையால் வந்த எளிமை இங்கே வெறும் ஸ்டைல் ஆகிவிட்டது. முகம் சரியில்லை என்றால் "பழைய பாணி" என்ற சால்ஜாப்பு ரெடி. 2019ல் ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த ஸ்டார் வார்ஸ் ரெட்ரோ வரிசை இன்னும் ஒரு படி மேலே. புத்தம் புது அட்டையிலேயே தேய்ந்த தடங்களை அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளையின் கை பட்டுப் பட்டுத் தேய வேண்டியது அச்சகத்திலேயே தேய்ந்து வந்தால் அதில் என்ன ஞாபகம் இருக்கும்?

அப்படியானால் ரெட்ரோவே வேண்டாமா? அப்படியும் இல்லை. 1979ல் ஏலியன் படத்துக்குச் சின்னப் பொம்மைகள் செய்யக் கென்னர் திட்டமிட்டது. பெரியவர்களுக்கான திகில் படம் என்பதால் சிக்கல் வந்து, மாதிரிகளோடு வேலை நின்றது. அந்த மாதிரிகளை வைத்து 2013ல் சூப்பர்7 பொம்மைகளை வெளியிட்டது. அதுவும் அதே எளிய பாணிதான். ஆனால் அது கடைக்கு வராமலே போன பொம்மை, முப்பத்து நான்கு வருடக் காத்திருப்பு. ஹாஸ்ப்ரோவும் 2019ல் ஒரு நல்ல காரியம் செய்தது. கென்னர் அந்தக் காலத்தில் செய்யாமல் விட்ட டார்கின் பாத்திரத்தை ஒரு போர்டு கேமோடு சேர்த்துக் கொடுத்தது.

பழசைப் போலவே ஒன்றைச் செய்வது சுலபம். பழசில் விட்டுப்போனது எது என்று தேடிப் பிடிப்பதற்குத்தான் அக்கறை வேண்டும். அந்த அக்கறை இருக்கிற இடத்தில் ஐந்து மூட்டே போதும். இல்லாத இடத்தில் ஐம்பது மூட்டு வைத்தாலும் புலம்பல் நிற்காது.