மாநிலப்பற்று அரணாகுக!



மாநிலப்பற்று என்ற அளவிலேயே முகஞ்சுளிப்பார் இந்நாட்டிற் பலர் உளர். 'நாட்டொருமைப்பாடு' என்னும் ஒரு சொல்லை முழக்கி, தம் மொழியையும் மண்ணையும் பேசுவாரையெல்லாம் பிரிவினையாளர் என்று பழிப்பது அவர்தம் வழக்கம். அவர்க்கு விடைகூறுதல் நம் கடமை. ஆயின், அப்பற்றின் பெயரால் நம்மவரே சிலர் பேசுவன முறையாமோ என்று எண்ணிப்பார்த்தல் அதனினும் பெரிய கடமை.

முதற்கண் நன்மையைக் காண்போம். ஆங்கிலேயர் வகுத்த மாகாணங்கள் ஆள்வார்க்கு எளிதாக அமைந்தவையேயன்றி, மக்கள்தம் மொழி நோக்கி அமைந்தவை யல்ல. ஒடியா மொழியார் வங்கம், நடுமாகாணம், சென்னை மாகாணம் எனப் பலவிடத்தும் சிதறி, எங்கணும் சிறுபான்மையராய்க் கிடந்தனர். 1870-ஆம் ஆண்டளவில், 'ஒடியா தனிமொழியன்று; வங்காளத்தின் கிளையே' என்று வங்கத்துக் கற்றோர் சிலர் வழக்காடி, பள்ளிகளினின்றும் அதனை அகற்றவும் முயன்றனர். 1903-இல் மதுசூதன் தாசு முதலியோர் உற்கல மாநாட்டைத் தொடங்கி உழைத்தனர். அவர் 1934-இல் மறைந்தார். 1936 ஏப்பிரல் முதல் நாள் ஒரிசா தனி மாகாணமாயிற்று. இந்தியாவில் மொழியடிப்படையில் முதற்கண் அமைந்த மாகாணம் அதுவே.

பேராயக் கட்சி 1920-இல் மொழிவழிப் பிரிவை ஏற்றுத் தன் கிளைகளை அவ்வாறே அமைத்துக்கொண்டது. எனினும் விடுதலைக்குப் பின்னர்ப் பின்வாங்கியது. 1952 திசம்பர் 15-ஆம் நாள் பொட்டி சிறீராமுலு சென்னையில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த பின்னரே நேருவின் அரசு இசைந்தது. 1953 அக்தோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1956-இல், 'தமிழ்நாடு' என்னும் பெயர் வேண்டி நோன்பிருந்த சங்கரலிங்கனார் அக்தோபர் 13-இல் மாண்டார். அப்பெயர் கிடைக்க 1969 வரை காத்திருந்தோம். கேட்டவை எவையும் எளிதிற் கிடைத்தவை யல்ல.

இவற்றால் நாடு உடைந்ததா? உடையவில்லை. அண்டை நாட்டைப் பாருங்கள். உருதுவே ஆட்சிமொழி என்று பாக்கித்தான் அடம்பிடித்தது. 1952 பிப்பிரவரி 21-இல் தாக்காவில் வங்கமொழிக்காகப் போராடிய மாணவரைச் சுட்டது. பின்னர் 1956-இல் வங்காளத்தையும் ஏற்றதாயினும், ஆட்சியுரிமையைப் பகிர்ந்தளிக்க மனங்கொள்ளவில்லை. 1971-இல் அந்நாடு இரண்டாயிற்று. மொழியுரிமை கேட்பவன் நாட்டை உடைப்பதில்லை. மறுப்பவனே உடைக்கின்றான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனித் தீமையைக் காண்போம். ஆதிக்கத்தை நோக்கி 'எம் உரிமை எங்கே?' என்று கேட்கும் பற்று அரண். அதுவே, தன்னினும் எளியானை நோக்கி 'நீ ஏன் இங்கிருக்கின்றாய்?' என்று கேட்குமாயின் வாளாகி விடுகின்றது. இரண்டும் ஒரே பெயரால் வழங்குவதே இதிலுள்ள இடர்.

அசாமிய மொழியைக் காக்க இயற்றிய 1960-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அம்மாநிலத்துப் பராக்குப் பள்ளத்தாக்கின் வங்கமொழியாரைப் புறந்தள்ளியது. எதிர்த்து நின்றாருள் 11 பேர் 1961 மே 19-இல் சில்சார்த் தொடர்வண்டி நிலையத்திற் சுடப்பட்டு மாண்டனர். 1983 பிப்பிரவரி 18-இல் நெல்லியில், 'அயலார்' என்று பழிக்கப்பட்ட வங்கவழி இசுலாமிய உழவரும் அவர்தம் பெண்டிரும் பிள்ளைகளும் 1,800-க்கு மேற்பட்டோர் ஒரு பகற்பொழுதிற் கொல்லப்பட்டனர். இஃது அரசே தந்த கணக்கு.

நாமும் இவ்வாளின் கூர்மையை அறியாதவரல்லேம். 1966-இல் பம்பாயிற் றோன்றிய சிவசேனை, தென்னாட்டவரே மராட்டியர் வேலையைப் பறிக்கின்றனர் என்று பழிசாற்றி வளர்ந்தது. 1991 திசம்பரில், காவிரி நடுவர்மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டிக் கருநாடகத்தில் தமிழர் தாக்குண்டனர். அவர்தம் குடிசைகள் எரிந்தன. பல்லாயிரவர் கைப்பிள்ளையோடு எல்லை கடந்து ஓடிவந்தனர். தண்ணீர் வழக்கு இரண்டு அரசுகளுக்கிடையில் நிகழ்ந்தது. அடிபட்டவனோ சுமை தூக்கிப் பிழைத்தவன்.

இங்கு, என் குற்றமொன்றையும் மறையாது சொல்லவேண்டும். சில ஆண்டுகட்கு முன், கட்டட வேலைக்கு வந்த கூலியாள் ஒருவரின் மகன் என் வகுப்பிற் சேர்ந்தான். பிள்ளைகள் அவனை 'இந்திக்காரன்' என்றனர். நானும் ஒருநாள், "அந்த இந்திப் பையனை எழுந்து படிக்கச் சொல்லுங்கள்" என்றேன். அவன் எழுந்தான். படிக்கவில்லை. "ஐயா, எனக்கு இந்தி வராது. நான் ஒடியா" என்று திக்கித்திக்கித் தமிழிற் கூறினான்.

தன்மொழி தனிமொழியே என்று நிலைநாட்ட நெடுங்காலம் வழக்காடிய மக்களின் பிள்ளை அவன். அவன் மொழியின் பெயரை ஒரு தமிழாசிரியனே அழித்து, எந்த மொழியின் ஆதிக்கத்தை நாம் எதிர்க்கின்றோமோ அதன் பெயரையே அவன்மேற் சாற்றினேன். தமிழரையெல்லாம் 'மதராசி' என்று வடவர் அழைத்தபோது சினந்தெழுந்த நாம் செய்தது வேறென்ன? அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

தமிழ்நாட்டில் தமிழே ஆட்சிமொழியாகவும் கல்விமொழியாகவும் விளங்கல் வேண்டும். இங்கு வந்து வாழ்வார் தமிழ் கற்றல் வேண்டும். மண்ணின் மக்கட்கு வேலையில் முதன்மை வேண்டும். இவற்றில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயின், இவற்றைக் கேட்கவேண்டிய இடம் நடுவணரசின் வாயிலும் மாநில அரசின் வாயிலும், குறைந்த கூலிக்கு ஆள் கொணரும் முதலாளியின் வாயிலுமே. அவன் கட்டுங் கட்டடத்தின் ஓரத்துத் தகரக்கொட்டகையன்று.

மாநிலங்களைச் சீரமைத்த 1956-ஆம் ஆண்டிலேயே, அரசியலமைப்பின் ஏழாம் திருத்தம் 350-அ என்னும் பிரிவையும் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிற் பெறும் ஏந்துகளை ஒவ்வொரு மாநிலமும் செய்துதர முயலவேண்டும் என்பது அது. மும்பையிலும் பெங்களூரிலும் தமிழ்ப் பள்ளிகளுக்கு நாம் கேட்கும் உரிமை இதுவே. அங்குக் கேட்பதை இங்குக் கொடுக்க மறுப்போமாயின், நம் கோரிக்கை அறமிழந்து போம்.

அச்சிறுவனுக்குத் தமிழ் நெடுங்கணக்கைக் கற்பித்தேன். அவன் பெயரை ஒடியா எழுத்தில் கரும்பலகையில் எழுதச் சொல்லி, வகுப்பு முழுமையும் காணச் செய்தேன். வட்டவட்டமான அவ்வெழுத்துகளைப் பிள்ளைகள் வியந்து நோக்கினர். அன்று தொட்டு அவனை எவரும் 'இந்திக்காரன்' என்று அழைத்திலர்.

தன் தாயைப் போற்றுவான் பிறன் தாயைப் பழியான். நம் பற்று நமக்கு அரணாகுக! எளியோர்மேல் வாளாகாதிருக்க!