ரேஷன் மெஷினுக்கு எத்தனை மார்க்?

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்று சொன்னால், 'எந்தப் பிரம்மதேசம்?' என்று திருப்பிக் கேட்பார்கள். எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில், சோழர் காலக் கோயில்களோடு இருப்பது ஒன்று. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் பக்கம் இருப்பது இன்னொன்று.

முதல் பிரம்மதேசத்துப் பாட்டி ஒருவர், இரண்டாவது பிரம்மதேசத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஸ்மார்ட் கார்டு இருக்கிறது. தமிழ்நாட்டில் யாரும் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற ஏற்பாடு 2020 அக்டோபரில் வந்துவிட்டது. மகள் ஊர்க் கடையில் பாட்டி மெஷின் மேல் விரலை வைக்கிறார்.

அடுத்த சில நிமிடங்களில் தெரிந்துவிடும், அந்த மென்பொருள் வேலைக்கு உதவுகிறதா, வேலையை இழுக்கிறதா என்று.

ஒரு ரேஷன் பில் விழுவதற்குள் நடப்பதைப் பாருங்கள். கார்டை ஸ்கேன் செய்ய வேண்டும். விரல் ரேகை பதிய வேண்டும். அது நெட்வொர்க் வழியாகப் போய், 'ஆமாம், இவர்தான்' என்று பதில் வர வேண்டும். பிறகு அரிசி, சர்க்கரை, 30 ரூபாய் துவரம் பருப்பு, 25 ரூபாய் பாமாயில் என்று ஒவ்வொன்றாகத் தேர்வு செய்து, எடை போட்டு, பில் எடுத்தால் செல்போனில் எஸ்.எம்.எஸ். வரும். இதில் எந்த இடத்தில் சிக்கினாலும் வரிசை நிற்கும். 'சர்வர் டவுன்' என்ற சொல் டிக்‌ஷனரி பார்க்காமலே தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்திருப்பது இப்படித்தான்.

சரி, இந்த மெஷினுக்கு மார்க் போட வேண்டுமென்றால் எதை அளப்பது? 'இந்த மாதம் இத்தனை லட்சம் பில்கள்' என்பது சுலபமான கணக்கு. ஆனால், பில் போட்டவர்தான் அந்தக் கணக்கில் இருப்பார். விரல் பதியாமல், 'நாளைக்கு வாங்க பாட்டி' என்று சொல்லக் கேட்டு வெறும் பையோடு திரும்பியவர் எந்தக் கணக்கில் வருவார்?

இதற்கு உலக அளவில் ஒரு வரையறை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9241-11 என்று பெயர். 1998-ல் வந்தது, 2018-ல் திருத்தப்பட்டது. அது மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. வந்த வேலை முழுதாக முடிந்ததா? அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் போனது? பயன்படுத்தியவருக்குத் திருப்தியா? இதைப் பாட்டிக்குப் பொருத்தினால், சர்வர் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பெரிய விஷயமில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றும் ஒரே நடையில் கிடைத்ததா, எத்தனை முறை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார், எத்தனை நாள் கடைக்கு நடந்தார் என்பவைதான் விஷயம்.

நேரக் கணக்கை மட்டும் ஒரு நிமிடம் பார்ப்போம். 800 கார்டுகள் உள்ள ஒரு கடை. புதிய வசதி ஒன்றைச் சேர்த்ததால் ஒரு பில்லுக்கு ஒரே ஒரு நிமிடம் கூடுகிறது என்றால், மாதத்துக்கு 13 மணி நேரத்துக்கும் மேல். விற்பனையாளருக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வேலை. வரிசையில் நிற்பவர்களின் கூலி நாள் தனிக் கணக்கு. எடைத் தராசை புளூடூத் மூலம் பில் மெஷினோடு இணைத்தபோது ரேஷன் ஊழியர்கள் புலம்பியது இதைத்தான். தராசை இணைத்ததன் நோக்கம் நல்லது, எடையில் ஏமாற்ற முடியாது. ஆனால், எடை மோசடி எவ்வளவு குறைந்தது என்பதையும் வரிசை எவ்வளவு நீண்டது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே அது லாபமா என்று சொல்ல முடியும்?

ஜார்க்கண்டில் அப்படிப் பார்த்தார்கள். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள், ரேஷன் கடைகளில் ஆதார் கைரேகைச் சோதனை வந்ததும் என்ன மாறியது என்று பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். கைரேகை மட்டும் வந்ததால் கசிவு குறைந்ததாகத் தெரியவில்லை. முன்பே ஆதாரை இணைத்திருக்காத 20% பயனாளிகளுக்குக் கிடைத்தது மட்டும் 10% குறைந்தது. மெஷினின் பில் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது. வீடுகளுக்குப் போய்க் கேட்டதால் தெரிந்தது.

இதில் கொஞ்சம் சந்தோஷமான கதை தெலங்கானாவுடையது. அங்கே 2018-ல் ரைத்து பந்து திட்டத்தில் சுமார் 57 லட்சம் விவசாயிகளுக்குப் பணம் போய்ச்சேர வேண்டியிருந்தது. சில பகுதி அதிகாரிகளிடம், 'விவசாயிகளுக்கு போன் போட்டு, பணம் வந்ததா என்று கேட்கப் போகிறோம்' என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். அவ்வளவுதான். அந்தப் பகுதிகளில் பணம் கிடைக்காத விவசாயிகளின் எண்ணிக்கை 7.8% குறைந்தது. புது சாஃப்ட்வேர் வாங்கவில்லை, ஒரு போன் கால்தான்!

மெஷினுக்குள்ளேயே துப்பு கிடைக்கும் வழியும் உண்டு. 'ப்ராசஸ் மைனிங்' என்பார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த வில் வான் டெர் ஆல்ஸ்ட் என்ற பேராசிரியர் வளர்த்தெடுத்த துறை இது. ஒவ்வொரு முயற்சியின் நேரமும் பதிவாகியிருந்தால், முதல் விரல் வைப்புக்கும் பில்லுக்கும் இடையே எவ்வளவு நேரம், எந்தப் படியில் ஆட்கள் சிக்குகிறார்கள் என்று வரைபடமே போட்டுவிடலாம். பாதியில் நின்றுபோன முயற்சிகளையும் அழிக்காமல் வைத்திருந்தால் மட்டும்தான் இது நடக்கும்.

கிளைக்கதை ஒன்று. பாட்டி ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணாயிரத்தில், முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்லூரி பற்றிய கல்வெட்டு இருக்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், ஒவ்வொருவருக்கும் நாளைக்கு எவ்வளவு நெல் என்ற அளவு எல்லாம் அதில் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ரேஷன் பட்டியல்! யார் கைக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதைக் கல்லில் வெட்டிவிட்டார்கள். சர்வர் டவுன் ஆகவும் வழியில்லை.

பாட்டியிடம் வருவோம். விரல் பதிந்துவிட்டது. ஆனால், ஒரு கடைக்குச் சரக்கு அந்தக் கடையின் கார்டுகளை வைத்துத்தானே வரும்? வெளியூர்க்காரர்கள் அடிக்கடி வாங்கினால், மாதக் கடைசியில் உள்ளூர்க்காரருக்குப் பருப்பு இல்லாமல் போகலாம். அதனால் விற்பனையாளர் தயங்குவார். மென்பொருள் 'கொடுக்கலாம்' என்கிறது, மூட்டை 'தீர்ந்துபோச்சு' என்கிறது. மென்பொருளும் சரக்கு லாரியும் ஒரே மொழி பேசுகின்றனவா என்பதற்கும் மார்க் உண்டு.

2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. மெஷினும் கூடவே வாசலுக்கு வருகிறது. அங்கே டவர் கிடைக்கிறதா என்பது அடுத்த சோதனை.

உங்கள் வீட்டு கார்டுக்கு நீங்களே மார்க் போட்டுப் பார்க்கலாம். இந்த மாதம் எத்தனை முறை கடைக்குப் போனீர்கள், எத்தனை முறை விரல் வைத்தீர்கள், வாங்காத பொருளுக்கு எஸ்.எம்.எஸ். வந்ததா என்று காலண்டரில் குறித்துவையுங்கள். கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால், புகாருக்கான இலவச எண் 1967.