முதலிடம் எந்தப் பேய்க்கு?

பாலக்காட்டிலும், இடுக்கியில் தமிழகத்தை ஒட்டிய ஊர்களிலும் வசிப்பவர்களுக்கு ஒரு வசதி. இரண்டு மொழிகளிலும் பயப்படலாம். அறுபதுகளின் திகில் படங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் சிக்கல் முதலிடத்துக்குத்தான்.

என் ஓட்டு மலையாள 'பார்கவி நிலைய'த்துக்கு (1964). வைக்கம் முகமது பஷீர் தன் 'நீலவெளிச்சம்' சிறுகதையை விரித்து எழுதிய திரைக்கதை. ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் இயக்கிய முதல் படம். பாழடைந்த வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன், அங்கே செத்துப்போன பெண்ணிடம் சகஜமாகப் பேசத் தொடங்குகிறான். பதில் இல்லை. மது பேசிக்கொண்டே இருக்கிறார். பயம் மெல்லப் பரிதாபமாக மாறுகிறது. வேறெந்தப் பேய்ப் படமும் எனக்கு இதைச் செய்ததில்லை.

அடுத்தது ஸ்ரீதரின் மறுபிறவிக் கதையான 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). கேமரா அதே வின்சென்ட். 2015இல் சென்னையில் காலமான அவருக்கு இரண்டு பட்டியலிலும் இடம் உண்டு. இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. எம்.எஸ்.வி. பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்தவர். அந்த மாவட்டத்துக்காரர்கள் இதற்கே முதலிடம் கேட்டால் கோபிக்க முடியாது. முதுமையிலும் வன்மம் குறையாத நம்பியாருக்காக நானே ஒரு நிமிஷம் தயங்கினேன்.

ஜெயலலிதாவின் 'யார் நீ?' (1966) மூன்றாவது. இந்தி 'வோ கவுன் தீ?'யின் தமிழ் வடிவம். முக்கால் படம் மிரட்டிவிட்டு, எல்லாம் சொத்துக்கான சதி என்று கையை விரிக்கிறது.

'பார்கவி நிலைய'த்தை 2023இல் ஆஷிக் அபு 'நீலவெளிச்சம்' என்று வண்ணத்தில் எடுத்தார். பார்த்துவிட்டுப் பழையதையே மறுபடி போட்டுப் பார்த்தேன்.