வயது கடந்த மாணவர்

கலாசாரப் புரட்சியினால் பல்லாண்டு காலம் மாணவரைச் சேர்க்காதிருந்த பெய்ஜிங் திரைப்படக் கல்லூரி 1978ஆம் ஆண்டில் மீண்டும் விண்ணப்பங் கோரிற்று. விண்ணப்பித்தோருள் ஓர் ஆலைத் தொழிலாளியும் இருந்தார். அவருக்கு வயது 27, வயதெல்லையோ 22.

அவருடைய தந்தையார் கோமிந்தாங் படையில் அதிகாரியாய் இருந்தவர். ஒரு குடும்பம் தலையெடுக்காமற் போவதற்கு அக்காலத்திலே அதுவே போதும். மகன் வயலிலும் நூற்பாலையிலுமாகப் பத்தாண்டுகளைக் கழித்தார். முதற் கமராவை வாங்குவதற்குத் தமது இரத்தத்தையே விற்றார் என்பர். கல்லூரி மறுத்தபோது, தாம் எடுத்த புகைப்படங்களைக் கலாசார அமைச்சருக்கு அனுப்பி முறையிட்டார். கதவு திறந்தது. விதி என்றால் விதிதான் என்று பேசும் எம்போன்ற ஆசிரியர்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்கலாம்.

அந்த மாணவர்தான் ஜாங் யிமோ. 'மஞ்சள் மண்' (1984) படத்துக்கு ஒளிப்பதிவாளர். 'பழங் கிணறு' படத்திலே நடித்து, 1987இல் டோக்கியோ விழாவிற் சிறந்த நடிகர். மறு ஆண்டு, தாம் முதன்முதலாக நெறிப்படுத்திய 'சிவப்புச் சோளம்' படத்துக்குப் பேர்லினிலே தங்கக் கரடி விருது. ஒருவருக்கு ஒரு தொழிலே போதும் என்பாரை இவர் வாயடைக்கச் செய்தார்.

1994இல் வெளிவந்த 'வாழ்தல்', அரசியற் சூறாவளிகளிடையே அல்லலுறும் ஒரு சாதாரண குடும்பத்தின் கதை. கான் விழா அதனைப் பாராட்டிப் பரிசளித்தது. சீனத் திரையரங்குகளிலோ அதற்கு இடமில்லை. எட்டாண்டுகளின் பின் வந்த 'வீரன்' படத்தில், பேரரசனைக் கொல்ல வந்தவன் நாட்டின் ஒருமைப்பாட்டை எண்ணி வாளைத் தாழ்த்துகிறான். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவிலே 2008 பேர் ஒருங்கே முரசறைந்த காட்சியை அமைத்தவரும் இவரே. அரசு ஒதுக்கிய கலைஞர் அரசின் விழா நாயகராகிவிட்டார் என்று பலர் குறை கூறினர். அக்குறையை முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 'வீரன்' கண்ணுக்கு விருந்துதான். ஆயினும் அதன் முடிவு நெஞ்சிலே முள்ளாய் உறுத்துகிறது.

எனினும், அவருடைய படங்களுள் ஒன்றை மட்டும் மாணவருக்குக் காட்டுக என்றால், இடையே 1999இல் வந்த 'ஒருவரும் குறையலாகாது' என்பதையே நான் தெரிவேன். ஏழைக் கிராமப் பள்ளியொன்றிலே, விடுப்பிற் செல்லும் ஆசிரியருக்குப் பதிலாக 13 வயதுச் சிறுமி வகுப்பெடுக்க வருகிறாள். நடித்தோர் யாவரும் நடிப்பையே அறியாத சாதாரண மக்கள். நாளுக்கு ஒரு சுண்ணக்கட்டி என்று எண்ணிக் கொடுக்கப்படுகிறது. குறும்புக்காரச் சிறுவன் ஒருவன் பிழைப்புத் தேடி நகருக்குப் போய்விட, அவனைத் தேடி அவளும் போகிறாள். இறுதியில் ஊர் திரும்பும்போது, நன்கொடையாகப் பெட்டி பெட்டியாய் வண்ணச் சுண்ணக்கட்டிகள் வந்து சேர்கின்றன. பிள்ளைகள் வரிசையாக நின்று, ஆளுக்கோர் எழுத்தாகக் கரும்பலகையில் எழுதுகின்றனர். அச்சிறுவனுக்கு மட்டும் ஓர் எழுத்துப் போதவில்லை; மூன்றெழுத்தில் ஆசிரியையின் பெயரை எழுதுகிறான்.